தரவையில் விரித்த சீலை

என் குஞ்சியம்மா பூரணத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. விடியப்புறத்தில், கோழி கூவுவதற்கு முன்பே எழுந்து வந்து, நான் படுத்திருக்கும் பாயருகே குந்தி, போர்வைக்குள் கையை விட்டு என் இரண்டு கால்களையும் தொட்டுப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் வாசல் தெளிக்கப் போவாள். மாரிக் குளிரில் அந்தக் கை ஈரச் சாக்குப் போல இருக்கும். ஐந்து வயதில் அது எனக்குச் சுகமாக இருந்தது. பத்து வயதில் கூச்சமாக இருந்தது. பதினைந்து வயதில் கோபம்தான் வந்தது. நித்திரையிலேயே காலை இழுத்துக்கொள்வேன். அவள் விடமாட்டாள். மற்றக் காலையும் தேடிப் பிடித்துத் தொட்ட பிறகுதான் எழும்புவாள்.

என்னைப் பெற்றவள் அவளல்ல; அவளுடைய அக்கா கனகாம்பிகை. 1929ஆம் ஆண்டு ஆவணியில் என்னைப் பெற்று, பதினோராம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா அப்போது மலாயாவில் றப்பர்த் தோட்டத்துக் கிளாக்கர். செய்தி போய்ப் பதில் வர ஒன்றரை மாதம் சென்றது. ‘பிள்ளையைப் பூரணம் பார்க்கட்டும்’ என்று அதில் ஒரு வரி இருந்ததாம். அவருக்கும் எனக்கும் உள்ள உறவு அந்த ஒரு வரிதான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

பூரணத்துக்கு அப்போது இருபது வயது. கலியாணம் ஆகவில்லை. கொடிகாமத்துக்குத் தெற்கே, வயலும் பனங்கூடலும் தாண்டிக் கடலேரிக் கரையோரமாக எங்கள் குறிச்சி. அங்கே தமையன் தம்பிஐயாவோடு இருந்தாள். என் மாமாவான அந்தத் தம்பிஐயா அடிக்கடி சொல்லுவார், தன் தங்கச்சியைப் போல ஒரு துணிச்சல்காரியைத் தான் கண்டதில்லை என்று. கிணற்றுக்குள் பாம்பு விழுந்தால் பட்டையைப் போட்டு அள்ளி எறிவாளாம். நான் அறிந்த குஞ்சியம்மாவுக்கும் அந்தப் பெட்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் அறிந்தவள் எந்நேரமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தவள். நான் கிணற்றடிக்குப் போனால் பின்னால் வருவாள். பள்ளிக்கூடம் விட்டுப் பத்து நிமிடம் பிந்தினால் பாதி வழியில் நிற்பாள். பிறகு நெல்லியடியில் கல்லூரி விடுதியில் சேர்த்தபோது, மாதம் இரண்டு தரம் பஸ் ஏறி வந்து வேலிக்கு அப்பால் நின்று என்னைத் தேடுவாள். என் தலை தெரிந்தால் போதும், ஒரு வார்த்தை கதையாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள். “டேய் சீவரத்தினம், உன்னை எண்ணிப் பாக்க ஆள் வந்திட்டுது” என்று பெடியன்கள் கத்துவார்கள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது என்று இருக்கும்.

பயந்தாங்கொள்ளி என்று ஊரில் பெயர் எடுத்திருந்தாள். அதைவிட மோசமான பெயரும் ஒன்று இருந்தது. இளங்கொடிப் பூரணம். அந்தப் பெயர் வந்த கதையைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் ஊர்ப் பசுக்கள் பிடிவாதக்காரிகள். கன்றைக் காணாமல் ஒரு சொட்டுப் பாலும் இறக்கமாட்டா. கன்று முதலில் முட்டிக் குடிக்க வேண்டும், மாடு அதை நக்க வேண்டும், பிறகுதான் நாங்கள் செம்போடு குந்தலாம். கன்று செத்தால் பாலும் செத்தது. இது தென்மராட்சியில் சிறு குழந்தைக்கும் தெரியும்.

தாயில்லாத என்னை முதலில் உயிரோடு வைத்திருந்தவள் பக்கத்து வளவுச் சின்னாச்சி. தன் பிள்ளைக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம் என்று பால் தந்தாள். ஐப்பசியில் அவளுக்குக் குலைப்பன் காய்ச்சல் வந்தது. பால் வற்றிப் போனது. மாமா இரண்டு ஆடு கொண்டுவந்து கட்டினார். பத்து நாளுக்குள் இரண்டையும் நரி தூக்கியது. கொடிகாமத்துக் கடையில் தகரத்தில் அடைத்த ரின்பால் வாங்கிக் கரைத்துத் தந்தார்கள். எனக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. வீட்டிலிருந்த கிழப் பசு மடி வற்றும் தறுவாயில் அரைச் சிரட்டை பால் தந்தது. அதற்குள் பாதி தண்ணீர் கலந்து சங்கால் பருக்குவாள் பூரணம். மார்கழி பிறந்தபோது என் விலா எலும்பை எண்ணலாம் என்று இருந்ததாம். பரியாரியார் வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, அவளுடைய முகத்தைப் பாராமல் சொன்னார்: “நல்ல பசுப்பால் வேணும், பிள்ளை. இல்லாட்டி உவன் பொங்கலுக்கு இரான்.”

நல்ல பால் வருவதற்கு ஒரேயொரு வழி இருந்தது. வீட்டில் ஒரு சிவலை நாகு, இன்னும் ஈனாத செந்நிறப் பசு, நின்றது. தலைக்கன்று, மார்கழி நடுவில் ஈனும் என்று கணக்கு. பூரணம் அதற்குத் தவிடும் பிண்ணாக்கும் வைத்து, மடியைத் தடவிப் பார்த்து, நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அதன் வயிற்றில் இருந்தது கன்று அல்ல, என் உயிர்.

ஈனப்போகும் மாட்டை வீட்டில் கட்டிவைப்பதுதான் வழக்கம். ஆனால் அந்த ஆண்டு மாரி விடாமல் அடித்தது. வைக்கோற்போர் நனைந்து அழுகிவிட்டது. வயலில் நெல் நிற்பதால் மாட்டை வரம்பிலும் விடமுடியாது. புல் இருந்த ஒரே இடம் கடலேரிக் கரையில் கிடந்த தரவை. ஊர் மாடு எல்லாம் அந்த வெளியில்தான் மேய்ந்தன. நரியும் அங்கேதான். வெள்ளம் பற்றைகளை மூடியதால் அவை மேட்டுக்கு ஏறியிருந்தன. அந்த மாரியில் மட்டும் மூன்று கன்று போயிருந்தது. ஈனுகிற மாட்டை நரி தூரத்திலேயே அறிந்துவிடும். ஒன்று முன்னால் நின்று மாட்டுக்குப் போக்குக் காட்டும்; மற்றது பின்னால் வந்து, கன்று பாதி வெளியே வரும்போதே பிடித்து இழுத்துவிடும்.

“சிவலையை அவிழ்க்க வேண்டாம், அண்ணை. நரி திரியுது” என்றாள் பூரணம்.

“கட்டிவைச்சு என்னத்தைப் போடுறது? மாடு பட்டினியிலை செத்தால் பால் வருமே?” என்றார் மாமா. “இன்னும் பத்து நாள் கிடக்கு. பின்னேரம் நானே சாய்ச்சுக்கொண்டு வாறன். நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலை விழுந்து புடுங்காமல் விட்டால் சரி. சும்மா அந்தரப்படாதை.”

நான்கு நாள் அப்படியே நடந்தது. ஐந்தாம் நாள் பின்னேரம் ஊர் மாடுகள் எல்லாம் சேறும் சகதியுமாக ஒழுங்கையால் வந்தன. சிவலையைக் காணவில்லை.

மாமா லாந்தரோடு போய்த் தேடிவிட்டு, நனைந்து விறைத்துத் திரும்பினார். தரவைப் பக்கத்தில் நரி ஊளையிட்டது. ஒவ்வொரு ஊளைக்கும் பூரணம் எழுந்து படலையடிக்குப் போய் நின்றாள். நான் பசியில் அழுதேன். பிறகு அழச் சக்தியில்லாமல் அடங்கினேன். அழுவதைவிட அடங்கியதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தபடி இருந்தாள்.

நிலம் வெளித்ததும் மாமா மேற்குப் பக்கமாகப் புறப்பட்டார். மாடு அயலூர்ப் பட்டியோடு போயிருக்கலாம் என்று அவருக்கு ஓர் எண்ணம். “நீ பிள்ளையோடை வீட்டிலை இரு. நான் வந்திடுவன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய தலை மறைந்ததும் பூரணம் என்னை என் அம்மாவின் பழைய சீலைத் துண்டொன்றில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு கிழக்கே நடந்தாள். என்னை விட்டுவிட்டுப் போக ஓர் இடமும் இல்லை. சின்னாச்சி காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தாள்.

தரவை முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். அங்கங்கே மேடு. ஓரத்தில் தாழம் பற்றை. ஊர் வேலி எல்லாம் ஒரு கூப்பிடு தூரத்துக்கு அப்பால். மழை தூறிக்கொண்டிருந்ததால் ஒரு மனிதரும் இல்லை. பூரணம் ஒவ்வொரு பற்றையையும் சுற்றிப் பார்த்துக்கொண்டு போனாள். காகம் கூட்டமாக எழும்பினால் ஓடிப்போவாள்; கிட்டப் போனால் செத்த மீன் கிடக்கும். இப்படிப் பாதித் தரவையைக் கடந்த பிறகு, கிழக்கு மூலையில் நின்ற ஆலமரத்துக்குக் கொஞ்சம் இப்பால், ஒரு மேட்டில் சிவலையைக் கண்டாள்.

ஈன்றிருந்தது. அப்போதுதான் ஈன்றிருக்க வேண்டும். நாம்பன், ஆண் கன்று, மேலெல்லாம் வழுவழுப்போடு, எழும்பப் பார்த்துப் பார்த்து முன்னங்காலில் விழுந்துகொண்டிருந்தது. சிவலை தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்து நின்றது. அந்தப் பக்கத்தில், தாழம் பற்றைக்கு முன்னால், மூன்று நரிகள் நாய்களைப் போலக் குந்தியிருந்தன. பூரணம் கத்தினாள். மண்ணாங்கட்டியைப் பிடுங்கி எறிந்தாள். அவை எழுந்து பத்து அடி பின்னால் போய்த் திரும்பவும் குந்தின.

அந்த நேரம் பார்த்துச் சிவலையின் இளங்கொடி விழுந்தது.

மாடு ஈன்ற பிறகு விழும் இளங்கொடியை எங்கள் பக்கத்தில் நிலத்தில் கிடக்க விடமாட்டார்கள். வைக்கோலோ ஓலையோ கொண்டு பொதிந்து, ஆலமரக் கொப்பில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஆலம்பால் போல மாடு பால் சுரக்கும் என்பது நம்பிக்கை. நாயோ நரியோ அதைத் தின்றால் மடி வற்றிவிடும். மாடே தின்றாலும் வற்றிவிடும். தரவை மூலையில் நின்ற அந்த ஆலில் ஊர் மாடுகள் அத்தனையின் பொதியும் தொங்கும். அதன் கீழால் மூக்கைப் பொத்தாமல் போக முடியாது.

இனி ஊர் சொல்லும் கதை. பூரணம் கன்றை விட்டுவிட்டாள். நரி தின்றால் பால் வற்றிப்போகும் என்று பயந்து, இளங்கொடியை அள்ளிக்கொண்டு, பிள்ளையையும் இடுக்கிக்கொண்டு ஆலடிக்கு ஓடினாள். அவள் அங்கே கட்டிக்கொண்டு நிற்க, நரி இங்கே கன்றைக் கொண்டுபோய்விட்டது. அந்த இளங்கொடியை நரிகளுக்கு எறிந்திருந்தால் அவை அதைத் தின்றுகொண்டு நின்றிருக்கும், கன்று தப்பியிருக்கும். பால் வேண்டுமென்று இளங்கொடியைக் காப்பாற்றி, பாலுக்கு மூலமான கன்றை நரிக்குக் கொடுத்தவள் என்று பத்து வயதுப் பெடியனும் சிரித்தான், எழுபது வயதுக் கிழவியும் சிரித்தாள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? சபை சந்திகளில் அவளைக் காட்டி, “இளங்கொடிப் பூரணம் வாறா” என்பார்கள். அவள் ஒரு நாளும் மறுத்துக் கதைத்ததில்லை.

மேற்கே போய்த் திரும்பிய மாமாவும் வேறு இரண்டு பேரும் சிவலையின் கத்தல் கேட்டு ஓடிப் போனபோது பூரணம் தண்ணீருக்குள் இருந்தாள். என்னை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்த பிடியில் எனக்கு மூச்சுத் திணறி முகம் நீலம் பாரித்திருந்ததாம். கையை விரல் விரலாகப் பிரித்துத்தான் என்னை எடுத்தார்கள். கன்றை இழுத்துக்கொண்டு போன தடம் தாழம் பற்றைக்குள் போயிற்று. உள்ளே போய்ப் பார்த்த மாமா வெறுங்கையோடு வெளியே வந்தார். வைக்கோல் அடைத்துப் பொய்க்கன்று செய்வதற்குக்கூடத் தோல் மிஞ்சவில்லை.

“நான்தான் அவிழ்த்துவிட்டனான்” என்று மட்டும் அவர் சொன்னார். அதையும் யாரும் காதில் வாங்கவில்லை. பூரணத்தைத் திட்டுவதுதான் எல்லோருக்கும் லேசாக இருந்தது.

சிவலையைச் சாய்த்துக்கொண்டு வந்து கொட்டிலில் கட்டினார்கள். மடி வீங்கித் தெறித்துப்போய் நின்றது. மாமா குந்தினார்; உதைத்தது. கட்டி வைத்துப் பார்த்தார்; ஒரு சொட்டு வரவில்லை. அது தரவைப் பக்கம் பார்த்துக் கத்தியபடியே நின்றது. பின்னேரமும் அப்படித்தான். பரியாரியார் சொன்ன பொங்கலுக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.

அடுத்த நாள் காலையில் பூரணம் கொட்டிலுக்குப் போனாள். என்னை இறக்கிவிட அவளுக்குப் பயம். அதனால் அந்தச் சீலையோடேயே மடியில் கிடத்திக்கொண்டு மாட்டருகே குந்தினாள். காம்பைத் தொட்டதும் சிவலை காலைத் தூக்கியது. நான் பசியில் ஒரு தரம் சிணுங்கினேன். மாடு தலையைத் திருப்பியது. மூக்கை நீட்டி மணந்தது. பிறகு, அரம் போன்ற அந்த நாக்கால் என் காலிலிருந்து வயிறு வரைக்கும் ஒரு நக்கு நக்கியது. சீலையையும் நக்கியது. என்னையும் நக்கியது. விடாமல் நக்கியது. நான் வீரிட்டேன். மடியிலிருந்து பால் தானாக ஒழுகத் தொடங்கியது.

மாமா கொட்டில் வாசலில் நின்று கும்பிட்டார். முதல் மூன்று நாள் வந்தது கடும்புப் பால், சீம்பால். அதைக் கறந்து ஊற்றிவிட்டார்கள். நாலாம் நாள் எனக்கு நல்ல பால் கிடைத்தது. பொங்கலன்று நான் இருந்தேன்.

ஏழு மாதம் நான் அந்த மாட்டுக்குக் கன்றாக இருந்தேன். இதைப் பார்க்க நெல்லியடியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்களாம். வாயில்லாச் சீவனுக்குத் தாயில்லாப் பிள்ளையின்மீது இரக்கம் வந்தது, சிவன் செயல் என்றார்கள். ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. அந்தச் சீலைத் துண்டைப் பூரணம் தோய்க்கவேயில்லை. கறையும் ஊத்தையுமாக, மணத்துக்கொண்டு, அதைத்தான் ஒவ்வொரு நாளும் என்னில் சுற்றுவாள். காய்ச்சல் மாறி எழும்பிய சின்னாச்சி ஒரு நாள் அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோக, பூரணம் ஓடிப்போய்ப் பறித்தாள். “விசரி, உனக்குப் பைத்தியமே?” என்றாள் சின்னாச்சி. அந்தப் பெயரும் சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடத்தில் எனக்கு ‘நாம்பன்’ என்று பெயர் விழுந்ததும் இந்தக் கதையால்தான்.

அதன் பிறகு குஞ்சியம்மா தரவைப் பக்கம் போகவில்லை. ஐந்து வருடம் கழித்து மார்க்கண்டு என்ற நல்ல மனிதரைக் கட்டினாள். என்னையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்று சொல்லிக் கட்டினாள். குஞ்சியப்பு மார்க்கண்டு படுத்தால் மரக்கட்டை. இவளோ ஒரு காற்றுக்கு எழும்புகிறவள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மாடுகள் இருந்தன. எந்த மாடும் ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பே கொட்டிலில் கட்டியாக வேண்டும். வைக்கோல் இல்லாவிட்டால் கூரையைப் பிடுங்கியாவது போட வேண்டும். இளங்கொடி விழுந்தால் ஆலில் கட்டக் குஞ்சியப்புதான் போவார். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

1948இல் எனக்குக் கொழும்பில் கிளாக்கர் உத்தியோகம் கிடைத்தது. பத்தொன்பது வயது. கடிதம் வந்த நாளிலிருந்து அவள் ஒரு நிலையில் இல்லை. கொழும்பில் கார் அடிக்கும், கடலில் இழுத்துக்கொண்டு போகும், கடைச்சாப்பாட்டில் வயிற்றுக்கு வரும். போவதற்கு முதல் நாள் பின்னேரம், கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்தவள் திரும்பவும் தொடங்கினாள்.

“உத்தியோகம் இங்கை எடுக்கேலாதே, மோனை? சாவகச்சேரியிலை...”

எனக்குப் பொறுமை போய்விட்டது.

“என்ன கதை கதைக்கிறியள்? என்னை ஆர் தூக்கிக்கொண்டு போகப்போயினம்? நான் என்ன மாட்டுக் கண்டே, நரி கொண்டுபோக?” என்று கத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “கண்டை விட்டிட்டு இளங்கொடியைக் காப்பாத்தின ஆள் நீங்கள். நீங்கள் எனக்குக் காவலே?”

ஊரே சொன்ன வார்த்தைதான். நான் அதுவரை சொன்னதில்லை. சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் செம்பைக் கீழே வைத்தாள். கோபிக்கவில்லை. கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, மாட்டின் முகத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

“ஊர் சொல்லுற மாதிரி இல்லை, மோனை. சிவலை இளங்கொடியைத் தின்னத் திரும்பினது. தின்னவிட்டால் பால் போயிடும். நரியளும் அந்த மணத்துக்குத்தான் நிக்குதுகள் எண்டு நினைச்சன். கையிலை சாக்கில்லை, ஓலையில்லை. உன்னிலை சுத்தியிருந்த கொம்மாவின்ரை சீலையை உருவி அதிலை அள்ளிக்கொண்டு போய், ஆலடியிலை கிடந்த காவோலையிலை பொதிஞ்சு கட்டினன். ஆலடியிலை நிண்டாலும் கண்டு தெரியும். சிவலை காவல் நிண்டது. நான் திரும்பி வரேக்கை கண்டு உயிரோடைதான் கிடந்தது.”

அவள் மாட்டின் நெற்றியைத் தடவினாள்.

“நரியள் போகேல்லை. கத்திக் கத்தி என்ரை தொண்டை அடைச்சுப்போச்சு. ஒருதரும் வரேல்லை. உன்னை இடுப்பிலை வைச்சுக்கொண்டு கண்டைத் தூக்கப் பாத்தன். ஈரக் கண்டு, வழுக்குது. ஏலேல்லை. ரெண்டிலை ஒண்டைத்தான் கொண்டுபோகலாம். கண்டு இல்லாட்டிப் பால் இல்லை. பால் இல்லாட்டி நீ இல்லை. பரியாரியார் சொன்னதுதான் காதுக்கை நிண்டது.”

செம்பின் மேல் மொய்த்த ஈயைத் துரத்தினாள்.

“முதலிலை கண்டைத்தான் தூக்கினனான், மோனை. அந்தச் சீலையை மேட்டிலை விரிச்சு, உன்னைக் கிடத்திப்போட்டுக் கண்டைத் தூக்கினன். வேலிக்கு அங்காலை போட்டிட்டு ஓடி வந்து உன்னைத் தூக்குவம் எண்டு நினைச்சன். ஒரு முப்பது அடி போயிருப்பன். திரும்பிப் பாத்தன். சிவலை என்ரை பிறத்தாலை வருது. தன்ரை கண்டு என்ரை கையிலை, அது வேறை என்ன செய்யும்? உனக்குக் காவல் இல்லை. நரியள் கண்டைப் பாக்கவேயில்லை. மூண்டும் உன்னட்டைப் போகுதுகள். ஓடேல்லை. ஆறுதலா நடந்து போகுதுகள்.”

“குஞ்சியம்மா, காணும், நிப்பாட்டுங்கோ” என்றேன். அவள் கேட்கவில்லை.

“சீலையெல்லாம் இளங்கொடி மணம். நான்தான் என்ரை கையாலை பூசி விட்டிருக்கிறன். பெரிய நரி தலைப்பைக் கடிச்சு இழுக்குது. நீ அழேல்லை. காலை உதறிக்கொண்டு கிடந்தாய். உன்ரை காலுக்குக் கிட்ட அதின்ரை வாய். கண்டை அப்பிடியே போட்டிட்டு ஓடினன். உன்னைச் சீலையோடை தூக்கிக்கொண்டு திரும்பேக்கை, ஒண்டு சிவலைக்குப் போக்குக் காட்டிக்கொண்டு நிக்குது, கண்டு இல்லை.”

அந்தச் சீலையை ஏன் தோய்க்கவில்லை, சிவலை ஏன் என்னை நக்கியது என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு விளங்கியது. நரியை என்னிடம் கூப்பிட்ட அதே மணத்தை வைத்து ஏழு மாதம் எனக்குப் பால் கறந்திருக்கிறாள்.

“இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

“இளங்கொடிக்காகக் கண்டை விட்டவள் எண்டு சிரிக்கட்டும். கண்டுக்காகப் பிள்ளையை விட்டவள் எண்டு ஆருக்குச் சொல்லுறது?”

செம்பை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். அன்று இரவு எனக்குச் சோறு போட்டபோதும், பெட்டியில் உடுப்பு அடுக்கியபோதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளிடம் என்ன சொல்வது? நன்றி என்பதா, பரவாயில்லை என்பதா? இரண்டும் வாயில் வைக்கத் தகாத வார்த்தைகளாகப் பட்டன.

விடியப்புறத்தில் நான் விழித்தே கிடந்தேன். குஞ்சியப்பு குறட்டை விடுவது கேட்டது. கோழி கூவியது. அவள் வரவில்லை. இரண்டாம் தரமும் கூவியது. வாசலில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. என் காலைத் தொடாமல் அவள் வாசலுக்குப் போனது அதுதான் முதல் தடவை. இனி அந்தக் காலைத் தொடத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்துவிட்டாளோ என்று எனக்குத் தோன்றியது.

“குஞ்சியம்மா” என்று கூப்பிட்டேன்.

விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. அவள் உள்ளே வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள்.

“என்ன மோனை, சுகமில்லையே?”

நான் இரண்டு காலையும் போர்வைக்கு வெளியே நீட்டினேன். அவள் விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். பிறகு வந்து குந்தி, ஒரு காலைத் தொட்டாள். மற்றக் காலையும் தொட்டாள். அந்தக் கை குளிர்ந்திருந்தது. நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

“எழும்பு, ராசா” என்றாள். “றெயில் போயிடும்.”